கண் எழுதக் கேட்ட கை

2005 தீபாவளி அன்று என் வலது கை வெந்துபோனது. பட்டாசுக் கம்பெனியில் இல்லை, ஆமத்தூரில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு புஸ்வாணத்தில். பற்ற வைத்து அணைந்துபோன புஸ்வாணத்தின் பக்கத்தில் மறுபடி போகக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டாசு வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்த நான், வெளியூர்க்காரி மாதிரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சீறிக்கொண்டு வெடித்தது. உள்ளங்கையிலும் விரல்களிலும் தோல் உரிந்துபோனது.

அப்போது நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. "பேனா பிடிக்க வருஷம்கூட ஆகலாம்மா" என்றார் டாக்டர். வரைவதற்கென்று இருந்த கை அது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேலையை வரைந்து, வடிவமைத்து, அச்சடித்துக் காட்ட வேண்டும். நான் எடுத்திருந்தது மாதக் காலண்டர். பதினோரு தாளில் எங்கள் பக்கத்து ஆட்கள் பார்க்கிற வேலைகள், தை மாதத் தாளில் மாரியம்மன். துறைத் தலைவர் நல்ல மனுஷர். "உடம்பைப் பாரும்மா, அடுத்த வருஷம் முடிச்சுக்கலாம்" என்றார். எனக்கு அடுத்த வருஷம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. அப்பா ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார். "படிப்பு இந்த வருஷத்தோட சரி. முடிச்சாலும் சரி, முடிக்காட்டியும் சரி, வைகாசியில கல்யாணம்." முடித்தால் ஒரு வேலையைத் தேடிக் காட்டிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி வாதாடலாம். முடிக்காவிட்டால் எதைக் காட்டி வாதாடுவது?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். "உன் படத்தை வரையணும்னுதானே கேட்டேன், என் கையையா எடுத்துக்கிட்டே?" என்று கேட்டேன். நல்லவேளை, பூசாரி வெளியே இருந்தார். கத்தி முடித்ததும் அழுகை வந்தது. அழுகை நின்றதும் ஒரு யோசனை வந்தது. இன்னொரு கை சும்மாதானே இருக்கிறது?

மறுநாளே இடது கையில் பென்சில் பிடித்தேன். கோடு போட்டால் நண்டு ஊர்ந்த மாதிரி வந்தது. என் தோழி ஜோதி காகிதத்தை அசையாமல் பிடித்துக்கொள்வாள், சிரிப்பை மட்டும் அடக்க மாட்டாள். கல்லூரிக் கம்ப்யூட்டரில் மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்தேன். "யாரு இதைத் திருப்பி வச்சது?" என்று அடுத்து உட்காருகிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும் என்று விட்டேன். கார்த்திகை போய் மார்கழி வந்தபோது கோடு நான் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. தை முடிவதற்குள் பதினோரு தாள் தயார்.

மாரியம்மன் தாளில்தான் முட்டிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏ புள்ள, பீச்சாங்கையாலயா ஆத்தாளத் தொடப் போற?"

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே கூச்சம் உள்ளே இருந்தது. கை வெந்த நாளிலிருந்து நான் இடது கையால் சாப்பிட்டதில்லை. வீட்டில் அம்மாதான் ஊட்டினாள், கல்லூரியில் ஜோதி. அப்படியிருக்க அம்மனை எப்படி?

இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். "இவ இடது கையால உன் உருவத்த எழுதலாமா தாயே?" என்று அம்மாதான் கேட்டாள். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ஓடிவந்து வரைந்தேன். பட்டு, கிரீடம், வேப்பிலை, முகம் எல்லாம் வந்தது. கண்ணுக்குப் போகும்போது அம்மா மறுபடி குறுக்கே நின்றாள்.

"உருவத்துக்குத்தான் உத்தரவு கேட்டோம். கண்ணுக்குக் கேக்கலையே."

"சரி, திரும்பப் போய்க் கேப்போம்."

"ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவ பூக்கட்டக் கூடாது."

வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள்! ஆனால் சாமிக்குக் கண் எழுதுவதுதான் உயிர் கொடுப்பது. அதில் எனக்கும் துணிச்சல் வரவில்லை. அச்சுக்குக் கொடுப்பதற்குள் வலது கை தேறிவிடும் என்று இருந்தேன். தேறவில்லை. அச்சுக்குப் போகும் நாள் வந்துவிட்டது. கண்ணை விட்டுவிட்டு அச்சடித்துக்கொள்வோம், பிறகு விரல் மடங்கும்போது அச்சான தாளில் எழுதிக்கொள்வோம் என்று எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று அப்போது தோன்றியது.

மாசி மாதம். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் என் காலண்டருக்காக ஒரு நாள் மெஷின் ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் முதல் பட்டாசு லேபிள் ஆர்டர், பிறகு மெஷின் கிடைக்காது. காலையில் பதினோரு தாளும் மளமளவென்று ஓடியது. அம்மன் படத்தைப் பார்த்ததும் மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"இங்கேரு தாயி, கண்ணு இல்லாத ஆத்தாள நான் மெஷின்ல ஏத்த மாட்டேன்."

"அண்ணே, அப்புறமா எழுதிருவேன்ண்ணே."

"அப்பம் எழுதிட்டுக் கொண்டா. அஞ்சு மணி வரைக்கும் நிப்பாட்டி வைக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மூலப் படத்தையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வலது விரல்களுக்கு நடுவே பிரஷ்ஷைச் செருகினேன், நழுவி விழுந்தது. மறுபடி செருகினேன், விழுந்தது. தோள் அசைந்தது, மணிக்கட்டு அசைந்தது, பிடிதான் இல்லை. இந்த முறை நான் சண்டை போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "தாயே, கை முழுசாக் குணமாக வேண்டாம். உன் கண்ணை எழுத மட்டும் ஒரு கை கொடு. இன்னைக்குக் கொடு."

கண்ணைத் திறந்தேன். விரல் அப்படியேதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அம்மா! தூக்குவாளியோடு நின்றாள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. எந்த அச்சகம் என்று காலையில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்; யாரிடமும் சொல்லி அனுப்பவும் இல்லை. ஜோதிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. அதுகூட அம்மாவுக்குத் தெரியாது.

"என்னமோ மனசு கேக்கல. அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன். பசியில பீச்சாங்கையால சாப்பிட்டுருவயோன்னு ஒரு நெனப்பு" என்றாள். உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். எத்தனை கழுவினாலும் போகாத பட்டாசு மருந்தின் சாம்பல் நிறம் அவள் விரல் இடுக்குகளில் இருந்தது. மூன்றாவது வாயோ நான்காவது வாயோ, அந்தக் கையைப் பார்த்தேன்.

"அம்மா, கையைக் கழுவிட்டு வா."

"எதுக்கு? சோறு இருக்குல்ல?"

"என் விரலோட சேர்த்து பிரஷ்ஷை இறுக்கிப் பிடி. நீ பிடிச்சா போதும், நான் எழுதிருவேன்."

அவள் பயந்துவிட்டாள். "நான் வேல பாத்த கையோட வந்திருக்கேன். ஆத்தா மொகத்துலயா? மாட்டேன்" என்றாள். நான் விடவில்லை. "ஒரு கை கொடுன்னு கேட்டேன்ம்மா. நீ வந்து நிக்கிற. நான் வேற என்ன நினைக்க?" என்றேன்.

அம்மா எழுந்து போய்க் கை, கால், முகம் கழுவி, ஈரத்தோடு வந்தாள். படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "தப்புன்னா என்னைய எடுத்துக்க ஆத்தா. எம் புள்ளைய விட்டுரு."

என் விரல்களின் மேல் அவள் விரல்களை வைத்து அழுத்தினாள். புதுத் தோல் உயிர் போகிற மாதிரி வலித்தது. பிரஷ் நின்றது. தோளாலும் மணிக்கட்டாலும் நான் இழுத்தேன். மேல் இமை, கீழ் இமை, நடுவே கருவிழி. ஒரு கண் முடிந்தது. அம்மாவின் மூச்சு என் காதில் பட்டது. அடுத்த கண்ணும் முடிந்தது. மெஷின்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மை காய்ந்ததும் அச்சுத் தகடு எடுத்தார்கள், பொழுது சாய்வதற்குள் அம்மன் தாள் அச்சாகிவிட்டது.

பங்குனியில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பன்னிரண்டு தாளையும் புரட்டினார். தை மாதத்தில் நின்றுவிட்டார். "மத்த கோடெல்லாம் ஒரு கை, இந்தக் கண் மட்டும் வேற கை மாதிரி இருக்கே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். நான் பாஸாகிவிட்டேன். அப்பா காலண்டரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வைகாசிக் கல்யாணப் பேச்சை அவரே போய் நிறுத்திவிட்டு வந்தார்.

இப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். வலது கை பேனா பிடிக்கும், ரொம்ப நேரம் பிடிக்காது. மவுஸ் இன்னும் இடது பக்கம்தான். முன்பெல்லாம் கேட்டது கேட்டபடி வராவிட்டால் அம்மனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது கேட்டுவிட்டு, வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். கோபம் வந்தால் சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். கேட்டுவிட்டு முடங்கிவிடாமல் இருக்கிற கையால் வேலையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தை மாதத் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அம்மா தினம் அதற்குப் பூ வைக்கிறாள், ஆனால் கும்பிடும்போது முகத்தை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தக் கண்ணப் பாத்தா எனக்கு ஒன்னுமே கேக்கத் தோண மாட்டேங்குது புள்ள" என்றாள்.