பாலையில் அறைந்த ஆணி

சௌதாமினி பள்ளிச் சமையல்கூடமான கஞ்சிப்புரையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அசெம்பிளியில் நான்காவது பெண் மயங்கி விழுந்தாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. பிரார்த்தனைப் பாட்டு பாதியில் நின்றதுதான் கேட்டது.

குளத்தூர்ப் பக்கத்து அந்த அரசுப் பள்ளியில் அவள் பதினோரு வருடமாகச் சமையல்காரி. மகள் தன்யா அங்கேயே ஏழாம் வகுப்பு. மகளைச் சேர்த்தபோது மதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அவள் கோயில் குடும்பம், கட்டியவன் கிறிஸ்தவ சபைக்காரன். அவன் செத்த அன்று எரிப்பதா புதைப்பதா என்று இரு தரப்பும் பகல் முழுக்க முற்றத்தில் மல்லுக்கு நின்றார்கள். பிணத்தின் மேல் ஈ மொய்த்தது. அதோடு அவளுக்கு எல்லாச் சாமியும் தீர்ந்துபோயிற்று.

பாட்டின்போது தன்யா வாய் திறக்காமல் நிற்பாள். இத்தனை வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் விழத் தொடங்கியதும் எல்லோரும் கவனித்தார்கள். பள்ளி முற்றத்து ஏழிலைப்பாலை மரம் வேறு பூத்துக் கிடந்தது. அதன் மணம் சோற்று ஆவியையும் மீறி நெஞ்சை அடைத்தது. பாலையில் இருக்கும் யட்சி, பாடாத பிள்ளை வழியாக மற்றப் பெண்கள் மேல் இறங்குகிறாளாம். கோயிலும் சபையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பெற்றோர் சங்கத் தலைவரான பக்கத்து வீட்டு ரெஜித் கஞ்சிப்புரைக்கு வந்தான்.

"சேச்சி, தப்பா எடுக்காண்டாம். பிள்ளைக்க தலையில இருந்து ரெண்டு முடி போரும். ஆணியில சுத்தி பாலையில அறைஞ்சா யட்சி அதுல கட்டுப்படும், தீந்துது."

"எலே ரெஜித்தே, விழுந்த நாலும் முதல் பஸ்ஸுக்கு ஓடி வாறதுகளாக்கும். காலையில வெறும் கட்டன்சாயா. உச்சைக்கு எனக்க கிட்ட மூணு தடவ சோறு வாங்குது. யட்சிக்கு இம்புட்டு பசி உண்டா?"

"கேலி பண்ணாண்டாம் சேச்சி. ஊரே பேடிச்சு கெடக்கு."

"ஒத்த முடி தரமாட்டேன். நீ போ."

திங்கட்கிழமை காலை பாலையில் ஆணி இருந்தது. அதில் கறுப்பு முடி, தன்யாவின் சிவப்பு ரிப்பன் துணுக்கோடு.

"எனக்க பிள்ளைய தொட்டது ஆரு?" என்று சௌதாமினி வகுப்பு வாசலில் நின்று கேட்டாள்.

ஸ்மிதா டீச்சர் நிமிரவில்லை. "ஆரும் தொடேல்ல. அவளே வெட்டித் தந்தா."

தன்யா தனி பெஞ்சில் இருந்தாள். "எனக்க பக்கத்துல ஆரும் இருக்குதில்ல அம்மா. ஒருவேள... எனக்குள்ள உண்டோ?"

சௌதாமினி ஆணி பிடுங்கும் சுத்தியலோடு மரத்தடிக்குப் போனாள். அருகில் பார்த்தபோதுதான் பட்டை முழுக்கப் புடைப்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் மரம் விழுங்கிய பழைய ஆணி. ஒன்றின் இடுக்கில் செம்பட்டையாகிப்போன முடி. எத்தனை பிள்ளைகள்!

"எடுக்காத அம்மா! அது வெளிய வரும்!" தன்யா வராந்தாவிலிருந்து அலறினாள். ஜன்னல்களில் முகங்கள் நிறைந்தன.

ஆணி வந்தது. துளையில் வெள்ளைப் பால் கசிந்தது. வேறொன்றும் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் தன்யா அவளுக்குப் பத்தடி பின்னால்தான் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அதே இடத்தில் புதிய ஆணி. இந்த முறை முடி நரைத்திருந்தது.

சௌதாமினியின் சீப்பு கஞ்சிப்புரை அலமாரியில்தான் இருக்கும். கை தன்னால் தலைக்குப் போயிற்று. இப்போது அவளும் பயந்தாள். யட்சிக்கு அல்ல. அவள் சமைத்த சோற்றை உண்ணும் யாரோ அந்தச் சீப்பிலிருந்து முடியைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

தன்யா மெல்ல அருகில் வந்தாள். இரண்டு நாளில் முதல் முறையாகக் கைக்கெட்டும் தூரம்.

"இது உனக்க முடியாக்கும்."

"ம்."

"நீ சோறுதானே வச்ச?" அவள் குரல் கோபத்தில் உடைந்தது. "வேற என்ன செய்த?"

பதிலுக்குக் காத்திராமல் கஞ்சிப்புரைக்கு ஓடிச் சுத்தியலை எடுத்து வந்தாள். ஆணி லேசில் அசையவில்லை. ஜன்னல்களில் மறுபடி முகங்கள். தன்யா ஒரு காலை மரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள்.