கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு வைன் போத்தல்

இலங்கையில் யுத்தம் முடிந்ததென்று செய்தி வந்த கிழமை இது. இன்று இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரச் சுப்பர்மார்க்கெட்டில் மலிவாக ஒரு சிவப்பு வைன் வாங்கினேன்.

பாணும் டெனிஷ் சீஸும் வெட்டிவைத்து ஒரு மிடறு குடித்தேன். விலைக்கு மீறிய ருசி.

கதவு மணி அடித்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் பக்கத்து வீட்டு யோகன் அண்ணை. வன்னியில் இருந்த தங்கையைப் பற்றி மாதக்கணக்காகத் தகவல் இல்லாதவர். போத்தலைக் கழுவுதொட்டிக்குக் கீழே ஒளித்துவிட்டுத்தான் திறந்தேன்.

"தங்கச்சி முகாமில உயிரோட இருக்கிறாளாம். இப்பதான் போன் வந்தது," என்று அழுதார். பிறகு கேட்டார்: "குடிக்க ஏதும் வைச்சிருக்கிறியே?"

"இல்லை அண்ணை." வாய் முந்திக்கொண்டது. தேத்தண்ணிதான் கொடுத்தேன்.

சீஸைச் சாப்பிட்டபடி, "இதுக்கு வைன் நல்லாயிருக்கும், என்ன?" என்றார்.

நாளைக்கு அந்தப் போத்தலோடு அவர் வீட்டுக்குப் போகவேண்டும். என்ன முகத்தோடு போவதென்று யாராவது சொல்லுங்கள்.