ஈஸ்டர் வரை தாங்கிய பச்சை

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் குளிர்காலம் வந்தால் பெர்முடா புல் வைக்கோல் நிறமாகிப் படுத்துத் தூங்கும். சாகாது, ஏப்ரலில் தானே எழுந்துகொள்ளும். கடவுள் செய்த இந்த ஏற்பாட்டில் ஹோயல் டகுலுக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத் தலைவர்; யார் வீட்டுப் புல் அளவு மீறி வளர்ந்தாலும் அபராதம் போடுகிறவர். தலைவர் வீட்டுப் புல் தூங்கலாமா? டிசம்பரிலேயே முதுகில் தெளிப்பானை மாட்டிப் பச்சைச் சாயம் அடித்துவிடுவார். இதில் ரகசியம் ஏதுமில்லை. தெருவில் பாதிப் பேர் அடிக்கிறவர்கள்தான்.

ரகசியம் இந்த வருஷம்தான். களைக்கொல்லியை "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றியதில் களையோடு புல்லும் பரலோகம் போய்ச் சேர்ந்தது. ஏப்ரலில் தெரு தானாகப் பச்சையாக, ஹோயல் மட்டும் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தால் தலைவர் பதவி அம்பேல். அதனால் சனிக்கிழமை தவறாமல் செத்த புல்லின் மேல் வெட்டும் இயந்திரத்தையும் ஓட்டினார்.

"வெட்டுன புல்லையே காணோமே, ஹோயல்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு ஆர்லன்.

"அடக்கமான புல்லுப்பா. உன்னுது மாதிரி அலையாது."

களையில்லை, மேடுபள்ளமில்லை, ஒரே உயரம். பிணத்துக்கு இருக்கிற ஒழுங்கு உயிருள்ளதுக்கு ஏது? இந்த வருஷத்தின் சிறந்த புல்வெளி ஹோயலுடையது என்று புல்வெளிப் போட்டி நடுவர் மிஸ் யூலா தீர்ப்பளித்தார். ஜெயித்தவர் வீட்டுப் புல்லில்தான் ஈஸ்டர் முட்டைகளை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடும் விளையாட்டு. அது அந்தத் தெருவின் வழக்கம்.

ஈஸ்டர் காலையில் ஹோயல் கடைசியாக ஒரு கை சாயம் அடித்தார். பனி ஈரத்தில் அது காயவில்லை. தேவாலயத்திலிருந்து வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் நேராக வந்து புல்லில் மண்டியிட்டார்கள்.

"பிள்ளைங்க முட்டியப் பாரு," என்றார் மனைவி நெல்டா, உதடு அசையாமல். "வீட்ட வித்துட்டு அலபாமா போயிரலாம்."

மிஸ் யூலா ஒரு குழந்தையின் பாவாடையில் பச்சை படிந்த ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான்யா புல்லு. எங்க வீட்டுல உருண்டு புரண்டாலும் இப்படிக் கறை ஒட்டாது. என்ன உரம்யா போடுற?"

"அன்பா பாத்துக்கிறேன், மிஸ் யூலா. அவ்ளோதான்."

தாய்மார்கள் பொறாமையில் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த வருஷமும் இங்கேதான் என்று அங்கேயே முடிவாயிற்று.

ஆர்லன் மட்டும் ஒரு முட்டையை எடுக்கக் குனிந்தார். முட்டையோடு ஒரு கைப்பிடிப் புல்லும் வந்தது. மேலே மரகதம், அடியில் வைக்கோல். வேரே இல்லை.

"செத்துப்போச்சா, ஹோயல்?"

"மெதுவாப் பேசுப்பா."

"நான் ஏன் பேசப்போறேன்? என் வீட்டுப் புல்லப் பத்தி நீயும் பேசாத."

அதற்குப் பிறகு ஆர்லன் வீட்டுப் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. உள்ளே முயல் குடித்தனம் நடத்துவதாகவும் பேச்சு. சங்கத் தலைவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மேகங்களை ஆராய்ந்துகொண்டே நடக்கிறார்.