தார்ப்பாயின் மேல் இரண்டு எரிமலைக் கற்கள்

காலை ஆறரை மணிக்கு முதுகுளத்தூரில் பேருந்து ஏறியதுமே வம்பு தொடங்கிவிட்டது. வழியை அடைத்திருந்த என் பையை ஓரமாக நகர்த்தப் போன நடத்துனர், கனம் தாங்காமல் உள்ளே என்ன என்று கேட்டார். கல் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ராமநாதபுரத்துக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்துவிட்டார்.

கல்தான், பொய்யில்லை. என் மகள் செல்வி மண்ணியல் படித்தவள். மடகாஸ்கரில் ஆராய்ச்சி செய்கிறாள். போன விடுமுறைக்கு வந்தபோது தேங்காய் பருமனில் இரண்டு கருங்கற்களை வீட்டில் விட்டுப்போனாள். ஒன்று கர்நாடகக் கடற்கரைப் பக்கம் எடுத்தது, மற்றது மடகாஸ்கர் கல். சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இரண்டு நிலங்களும் ஒட்டிக் கிடந்தனவாம். அடியிலிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி, தரை பிளந்து, நடுவே கடல் புகுந்ததாம். அந்தக் குழம்பு இறுகியதுதான் இவை. மிளகாயும் ஆடும் பார்த்து வளர்ந்த எனக்கு இதை நம்பவே ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது அங்கேயே இன்னும் மூன்று ஆண்டு வேலை கிடைத்திருக்கிறது. "நீ சரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்மா" என்று சொல்லியிருந்தாள். சரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலங்கையும் நம்மோடு ஒட்டியிருந்த நிலம்தானாம். ஆனாலும் அது பக்கத்திலேயே நின்றுகொண்டது. மடகாஸ்கர்தான் தலைதெறிக்க ஓடியிருக்கிறது. ஓடியது இந்தியாதான் என்று செல்வி திருத்துவாள். யார் ஓடினால் என்ன, பெற்றவளுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. இலங்கைக்கு எதிர்க்கரையில் இரண்டு கல்லையும் ஒட்டிவைத்துப் படமெடுத்து, "வந்துவிடு" என்று அனுப்புவதுதான் என் திட்டம். வெறும் கடல் போதுமென்றால் எங்கள் ஊருக்கு மாரியூரே பக்கம். ஆனால் இலங்கைக்கு எதிரே நின்று சொன்னால்தானே பிள்ளைக்கு உறைக்கும்!

ராமநாதபுரத்தில் இட்லி, வடை, காபி எழுபது ரூபாய். அடுத்த பேருந்து பாம்பன் பாலம் ஏறியதும் எல்லாரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள், நானும்தான். இரு பக்கமும் கடல் பளபளத்தது. வந்த வேலையே சற்று மறந்துபோனது.

பத்து மணிக்கு அக்காள்மடத்தில் இறங்கிக் கரைக்கு நடந்தேன். ஜெசிந்தா என்ற மீனவப் பெண் வலை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். அருகில் மணலில் கற்களை ஒட்டிவைத்துக் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் கருமேகம் திரண்டு காற்று வீசத் தொடங்கியது. ஜெசிந்தா ஓடிப்போய் ஒரு தார்ப்பாயை எடுத்துவந்து மீன்மேல் விரித்தார். இரண்டு மூலைக்குத் தண்ணீர்க் குடமும் நங்கூரமும் வைத்தாயிற்று. மற்ற இரண்டும் படபடத்தன. நனைந்தால் அவ்வளவு மீனும் வீண். கேட்காமலே என் கற்களைத் தூக்கி மூலைக்கு ஒன்றாக வைத்துவிட்டார். "இங்கன எல்லாம் மணலுதாங்க்கா, கனமான கல்லு கெடைக்காது" என்றார்.

மழையில் நனைந்தபடி அந்தக் கற்களின் கதையையும் செல்வியின் கதையையும் அவரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் ஒட்டிவைத்துப் படமெடுத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டேன்.

ஜெசிந்தா தார்ப்பாயிலிருந்து கையை எடுக்கவில்லை. "ரெண்டையும் ஒரே பக்கம் வச்சா தார்ப்பாய் பறந்துருமேக்கா."

அவர் சொன்னது மீனுக்காகத்தான். எனக்கோ அது எனக்கும் செல்விக்கும் சேர்த்துச் சொன்னதாகப் பட்டது, சிரிப்பு வந்துவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டு தள்ளியே கிடந்த கற்கள், தள்ளிக் கிடந்தபடியே ஒரு வீட்டுப் பிழைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படியே படமெடுத்து, "கையெழுத்துப் போடு" என்று எழுதி அனுப்பினேன்.

மழை கால் மணி நேரத்தில் விட்டது. கற்களோடு, முன்பே காய்ந்த நெத்திலிக் கருவாடு அரைக் கிலோவும் பைக்குள் போயிற்று. ஜெசிந்தா காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கையில் திணித்தேன். திரும்பும்போது பாலத்தின் நடுவில் செல்வியின் பதில் வந்தது: "ரெண்டு கல்லுக்கும் நடுவுல என்னம்மா மூடி வச்சிருக்கு?"

"நெத்திலி. கருவாடா எடுத்து வைக்கிறேன், லீவுக்கு வா" என்று எழுதினேன்.