முந்நூற்றுப் பன்னிரண்டு ஏணிகள்

அந்த மடக்கு ஏணிக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புகார் அக்கா என்றால்தான் தெரியும். வாசலை ஒட்டிய மேஜையில் ஒரு போன், ஒரு நீள நோட்டு. ஏணி ஆடுகிறது, கால் ரப்பர் கழன்றுவிட்டது, மடக்கினால் விரல் நசுங்குகிறது என்று யார் கூப்பிட்டுத் திட்டினாலும் கேட்டு முடித்துவிட்டு, "பக்கவாட்டுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அதைச் சொல்லுங்க" என்பாள். வயிற்றுவலி என்று லீவு கேட்டால்கூட அக்கா நம்பர் கேட்பாள் என்று வெல்டிங் ஆட்கள் கேலி செய்வார்கள்.

நாற்பது பேர் வேலை செய்யும் இடம். திங்கட்கிழமை காலையில் மெஷினைப் போடுவதற்கு முன்னால் எல்லாரும் கூடி நிற்க, போன வாரத்துப் புகார்களை ஃபோர்மேன் உரக்க வாசிப்பார். வாசிக்கலாம், யாரையும் திட்டக் கூடாது. இது முதலாளி போட்ட விதி. விற்பனையைப் பார்த்துக்கொண்ட முதலாளியின் மச்சானுக்கு மட்டும் இது பிடிக்காது. "நம்ம குத்தத்தை நாமே ஊரைக் கூட்டிச் சொல்லணுமாக்கும்" என்று முனகுவார்.

அவள் புருஷன் பெயிண்டர். அவன் வைத்திருந்ததும் அந்தக் கம்பெனி ஏணிதான், அவளே வாங்கிக் கொடுத்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் ஒன்றில் ஜன்னலுக்கு மேலே பூசிக்கொண்டிருந்தான். ஏணியின் மேல்கீலில், இரண்டு பக்கத்தையும் பிணைத்திருந்த ரிவெட் ஆணி அறுந்தது. கால்கள் இரண்டும் அகன்று அவன் தலைகுப்புற விழுந்தான். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

"அழுதுடும்மா, உள்ளேயே வச்சுக்காதே" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அழுகை வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். பத்து வயது மகள் மடியில் விழுந்து அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவுவது தன் கைதானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். சீக்கிரமே வந்துவிட்டதால் நோட்டைப் புரட்டினாள். அவள் இல்லாத நாட்களில் கணக்குப்பிள்ளை எழுதியிருந்தார். ஒரு திருகாணி, இரண்டு ரப்பர். அந்த வியாழக்கிழமைக்கு நேராக ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூசி எழுதாமல் விட்டிருக்க வேண்டும். பேனாவை எடுத்து, போன வாரப் புகார்களுக்குக் கீழே ஏணி நம்பரை எழுதினாள். அது அவளுக்கு மனப்பாடம். பக்கத்தில், 'மேல்கீல் ரிவெட் அறுந்தது. ஏறியிருந்தவர் இறந்துவிட்டார்' என்று எழுதினாள்.

ஃபோர்மேன் வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றுவிட்டார். அவள் போய் நோட்டை வாங்கி, நம்பரிலிருந்து தொடங்கி, எப்போதும் போனில் பேசும் அதே குரலில் வாசித்து முடித்தாள். வெல்டிங் ஆட்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. புதிதாக ஒருவரிடம் வாங்கிய ரிவெட்டில்தான் கோளாறு. அதைப் போட்டு வெளியே போன ஏணிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.

அவளையும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மச்சான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "விபத்து எங்கேதான் நடக்கலை மாப்பிள்ளை? எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்கிட்டா நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கற மாதிரி. புது ரிவெட்டை மாத்துவோம். பழசைப் பத்தி வாயைத் திறக்க வேண்டாம்."

முதலாளி அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா."

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை சார். வாங்கினவங்க போன் நம்பர் விற்பனை நோட்டுல இருக்கு. கூப்பிடவா?"

முதலாளி மச்சானை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கூப்பிடுங்க" என்றார்.

இரண்டு மாதம் கூப்பிட்டாள். "ஏணியில ஏறாதீங்க. நாங்களே வந்து எடுத்துக்கிட்டு வேற தர்றோம்." சிலர் சந்தேகப்பட்டார்கள், சிலர் விற்பனைத் தந்திரம் என்று போனை வைத்தார்கள். அவர்களை மறுநாளும் கூப்பிட்டாள். ஒரு வீட்டில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஏணியா? எங்க வீட்டுக்காரர் இப்ப அதுலதான் நிக்கறாரு. கூரையைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காரு."

"அவசரப்படுத்தாம மெதுவா இறங்கச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பெண் கூப்பிடுவது கேட்டது. பிறகு படியில் ஒவ்வொரு அடியாகச் செருப்புச் சத்தம். "இறங்கிட்டாருங்க."

"சரிங்க. நம்பரைச் சொல்லுங்க." பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டாள். சந்தோஷமாவது வரும் என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த நம்பரைச் சுழற்றினாள்.

அந்த வருஷம் கம்பெனி தள்ளாடியது. வார நாட்களில் இரண்டு நாள் மெஷின் ஓடவில்லை. மச்சான் கோபித்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வருஷம், பழுதான ஏணியைத் தானாகவே வந்து எடுத்துப்போன கம்பெனி எது என்று கட்டிட மேஸ்திரிகள் கடைகளில் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருக்களில் இருந்த மூன்று ஏணிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இது மட்டும் நின்றது.

பதினாலு வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். சாதாரணக் கம்பெனிகள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்று தொடர் எழுதுகிறாராம். முதலாளி அவரை அவள் மேஜைக்கு அனுப்பி வைத்தார்.

"உங்க கம்பெனியோட ரகசியம் என்னம்மா?"

"புகார் வந்தா எழுதிப்போம். திங்கட்கிழமை வாசிப்போம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் முகம் தொங்கிவிட்டது. வேறு ஏதாவது சொல்வாள் என்று பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். அதற்குள் போன் அடிக்க, அவள் நோட்டைத் திறந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனாள். பத்திரிகைக்காரர் வந்ததைச் சொன்னதும் மகளுக்குக் கோபம் வந்தது.

"அப்பாவைக் கொன்ன இடம். எப்படிம்மா இத்தனை வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தே?"

"தெரியலைடி. வேற எங்க போறதுன்னு தோணலை."

"கோபம்கூட வரலையா உனக்கு?"

வந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மகள் எழுந்து கூடத்தில் எரியாத பல்பை மாற்றப் போனாள். அந்த வீட்டில் ஏணி வைத்துக்கொள்வதில்லை. மேஜைமேல் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு ஏறினாள்.

அம்மா எழுந்து போய் நாற்காலிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மகள் பல்பை மாற்றி, கீழே இறங்கி, "விடும்மா, இறங்கிட்டேன்" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.