ரஞ்சனின் இடப்பக்கச் சுருள்

பிரிக்பீல்ட்ஸ் ரஞ்சனுக்கு இடக்கைப் பழக்கம். சாப்பிடுவதையும் எழுதுவதையும் அம்மா குணபூசணி அதட்டி அதட்டி வலக்கைக்கு மாற்றிவிட்டார். பிள்ளை வளர்ந்து கண்ணாடி தேய்ப்பான் என்று அவர் கண்டாரா?

செமினியில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷமாக அவன் செய்தது அதைத்தான். கிள்ளான் ஜவுளிக்கடையில் வாங்கிய வெல்வெட் துணியால் கண்ணாடியை ஒரே வாக்கில் தேய்ப்பான். அதன்மேல் ஊற்றும் திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் தேய்த்த வாக்கிலேயே வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அப்படியே இறுகவைத்து, உரித்து, நீளமாக நறுக்கினால் மெல்லிய பிளாஸ்டிக் நாடா. புற ஊதா விளக்கைக் காட்டினால் அது வளையும்.

ரஞ்சனின் நாடா வளைந்ததோடு நிற்கவில்லை, இடப்பக்கமாகச் சுருண்டது. ஒவ்வொரு தடவையும்! தான் உருவாக்கிய புது மூலக்கூறின் மகிமைதான் என்று முடிவுகட்டி, முனைவர் பட்டத்துக்கு முந்நூறு பக்கம் எழுதினான். மூலக்கூறுக்குத் தன் பெயரையே வைத்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு அவசரமாகப் பெயர் வைப்பதில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது பேட்மிண்டன் ஆடி அவனுடைய இடது மணிக்கட்டு பிசகியது. தேர்வில் காட்டவேண்டிய நாடாவுக்கு ஆய்வுக்கூட உதவியாளர் லோகேஸ்வரி கண்ணாடி தேய்த்துக் கொடுத்தார். விளக்கைப் போட்டார்கள். நாடா வலப்பக்கமாகச் சுருண்டது.

"அக்கா, கெமிக்கல மாத்திட்டீங்களா?"

"அதே பாட்டில்தான் லா தம்பி. கை மட்டும்தான் என்னோடது."

இரண்டு கண்ணாடிகளையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தான். நேராகத் தேய்த்ததாகத்தான் இருவருக்கும் நினைப்பு. இடக்கையால் அவன் தேய்த்த கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, வலக்கையால் அவர் தேய்த்தவை மறுபக்கம். கடையில் கிடைக்கும் சாதாரண மூலக்கூறைப் போட்டுப் பார்த்தான். அதுவும் சாய்வுக்குத் தக்கபடி சமர்த்தாகச் சுருண்டது.

"பேசாம பழைய நாடாவையே காட்டிருங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் லோகேஸ்வரி.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் தேர்வு மேசையில் இடம் சுருண்ட நாடா, வலம் சுருண்ட நாடா இரண்டையும் வைத்து, நடந்ததைச் சொல்லிவிட்டான்.

தேர்வாளர் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உங்க புது மூலக்கூறு என்னதான் செஞ்சிச்சு?"

"ஒன்னும் செய்யல, புரொப்."

ஒரு வருஷத்தில் திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். முந்நூறு பக்கத்தில் அவர் அடிக்காமல் விட்டது ஒன்றரைப் பக்கம், கண்ணாடி தேய்த்த விதம் பற்றியது. அதையும் ரஞ்சன் தேர்வன்று காலையில்தான் எழுதிச் செருகியிருந்தான்.