சப்பட்டைக் கூடையும் சர்க்கரை மிஷினும்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாம்பழ சீசனில், உங்கள் மாமா ராஜபாளையத்தில் நம் வீட்டுக்கு ஒரு மிஷினோடு வந்தார், பிள்ளைகளே. அப்போது அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை.

"ரத்தத்துல எம்புட்டுச் சக்கரை இருக்குன்னு உடனே சொல்லிரும் அத்தான். விரலை நீட்டுங்க."

நான் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து சப்பட்டை மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, நான் மாம்பழம் தின்றால் முழங்கை வரை தின்பேன். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்துத் தண்ணீரில் கை கழுவினால் உங்கள் அம்மா சும்மா விடமாட்டாள். துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினேன். மாமா விரலில் ஊசியால் குத்தி, வந்த ரத்தத் துளியை ஒரு பட்டையில் தொடவைத்தார்.

மிஷினில் செருகும் பட்டையின் நுனியில் நொதி என்று ஒரு பொருளைக் காயவைத்திருப்பார்கள். நம் வயிற்றில் சோற்றைச் செரிக்க வைக்கிறதே, அந்த இனம். இந்த நொதி குளுக்கோஸ் என்கிற சர்க்கரையை மட்டும்தான் தேடிப் பிடிக்கும். பிடித்தால் துளி மின்சாரம் ஓடும். அதை மிஷின் அளந்து எண்ணாகக் காட்டும். மாமா இதைச் சொல்லி முடிப்பதற்குள் எண் வந்துவிட்டது.

"அத்தான்... நானூறைத் தாண்டிட்டு."

"ஆத்தாடி! இனி இந்த மனுசனுக்கு மாம்பழமே கிடையாது" என்றாள் உங்கள் அம்மா.

எனக்கு நோய்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கூடை பாதிதான் காலியாகியிருந்தது.

"கவலைப்படாதக்கா, கூடைய நான் கொண்டுட்டுப் போறேன்" என்றார் மாமா.

"ஏலே, கூடைய வையி. மொதல்ல ஒன் விரல்ல குத்து" என்றாள் உங்கள் அம்மா.

மாமாவும் வந்ததிலிருந்து மாங்கொட்டை சப்பிக்கொண்டிருந்தவர்தான். குத்தினார். என்னைவிடக் கூடுதலாகக் காட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, எனக்குத் தலை சுத்துது."

அந்நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது.

"ரெண்டு சீக்காளியும் எந்திரிச்சுக் குடத்தைத் தூக்குங்க. பொறவு தலை சுத்தலாம்."

குடம் நிறைய நிறையக் கைகள் ஊறின. மாமாவுக்கு மனது கேட்கவில்லை. ஈரக் கையைக் காயவிட்டு மறுபடி குத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. எனக்கும் சரியாக இருந்தது.

உங்கள் அம்மா என் துண்டை மோந்து பார்த்தாள். "சீக்கு இதுக்குத்தான்" என்றாள்.

மாம்பழத்திலும் குளுக்கோஸ் உண்டு, பிள்ளைகளே. அது இரத்தத்தில் வந்ததா, விரலில் ஒட்டியிருந்ததா என்று பாவம் அந்த நொதிக்கு எப்படித் தெரியும்?

கூடை நம் வீட்டிலேயே தங்கியது. மாமா பஸ் ஏறும்போது அவர் பேன்ட் பை இரண்டும் புடைத்திருந்தன.

"என்னலே அது?" என்றாள் உங்கள் அம்மா.

"மிஷின்க்கா."

மிஷின் நம் வீட்டு அலமாரியில் இருந்தது.